பழைய கார்க்காரர்களின் ஞாயிறு காலைச் சந்திப்பு: தொடங்கவும் நடத்தவும் ஒரு முழு வழிகாட்டி

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் இரண்டு தட்டுப்பாடு உண்டு. ஒன்று உதிரிபாகம், இன்னொன்று விஷயம் தெரிந்த ஆள். கையில் காசு இருந்தாலும் இரண்டும் உடனே கிடைக்காது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காருக்கு ஒரு வாட்டர் பம்ப் தேடி, சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டை முழுக்க அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பலாம். அதே பம்ப் அண்ணா நகரில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், செய்தித்தாள் சுற்றியபடி கிடக்கும். அந்த இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே இடத்தில் காபி குடித்தால் பிரச்சினை தீர்ந்தது.

இந்தச் சந்திப்பைத் தொடங்க சங்கம் வேண்டாம், பதிவு வேண்டாம், பேனர் வேண்டாம். நாலு கார், ஒரு நல்ல ஓட்டல், கொஞ்சம் ஒழுங்கு போதும். சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். கோவைக்கும் மதுரைக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. பிரிட்டனில் கார் கிளப்காரர்கள் மாதம் ஒரு மாலை ஏதாவது ஒரு பப்பில் கூடி, ஆளுக்கொரு கோப்பையோடு வண்டிக் கதை பேசுவது பல தலைமுறைப் பழக்கம். 1934-ல் தொடங்கிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் ஆரம்பகால உறுப்பினர்கள் ஹாம்ப்ஷயரில் ஹார்ட்லி விண்ட்னி அருகே ஃபீனிக்ஸ் என்ற விடுதியில் கூடுவார்கள். அமெரிக்காவில் இது காலை நேரத்துக்கு மாறியது. கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் 2006 முதல் 2014 இறுதி வரை சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் ஓர் அலுவலக வாகன நிறுத்தத்தில் கார்களும் காபியுமாக நடந்த சந்திப்புதான், உலகம் முழுக்க இன்று நடக்கும் காலைச் சந்திப்புகள் பலவற்றுக்கும் முன்மாதிரி.

நம் ஊருக்கு இதில் தனி உரிமையே இருக்கிறது. ஹெரால்டு வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஆலையில் உருவானது. நான்கு கதவு ஹெரால்டை உலகில் வேறு எங்கும் செய்யவில்லை. அசோக் லேலண்டின் தொடக்கமே 1948-ல் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தருவதற்காக மெட்ராஸில் அமைந்த அசோக் மோட்டார்ஸ்தான். பாடியில் வண்டிகளுக்கான மின்சாதனங்கள் செய்யும் லூகாஸ் டிவிஎஸ், திருவொற்றியூரில் பைக்குக்குப் பேர்போன என்ஃபீல்டு. இந்த ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நம் தெருக்களில்தான் வசிக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். கார் இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

முதல் படி: யார் வரலாம், எத்தனை பேர்

எந்த வயது கார் "கிளாசிக்" என்பதில் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. பழம்பெரும் வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபிவா குறைந்தது 30 ஆண்டு என்கிறது. நம் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 50 ஆண்டு தாண்டினால்தான் விண்டேஜ். ராலி நடத்துபவர்களோ 1939 வரை வந்ததை விண்டேஜ் என்றும் அதற்குப் பிறகு வந்ததைக் கிளாசிக் என்றும் பிரிப்பது வழக்கம். காலைச் சந்திப்புக்கு இந்த அளவு கறார் தேவையில்லை. 30 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு ஆகியவற்றோடு காண்டெஸாவும் முதல் தலைமுறை மாருதி 800-உம் உள்ளே வரும்.

மாருதியைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 1983 டிசம்பரில் வெளிவந்த அந்த வண்டியின் ஆரம்பகால மாடல் ஒன்று ஒரிஜினல் சீட்டோடும் ஒரிஜினல் பெயிண்டோடும் இன்று கிடைப்பது அரிது. எல்லாரும் ஓட்டித் தேய்த்துவிட்டுக் காயலான் கடையில் போட்டுவிட்டார்கள். மிஞ்சியதைக் காப்பாற்றுபவருக்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

முதல் சந்திப்புக்கு எட்டு முதல் பன்னிரண்டு கார் போதும். பதினைந்தைத் தாண்டினால் நிறுத்த இடம் தேட வேண்டும், போக்குவரத்தைச் சமாளிக்க வேண்டும். பேச்சுக்கு நேரம் மிஞ்சாது. கூட்டம் பெருகினால் ஊரின் வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். பெரிய அளவில் கண்காட்சி, ராலி நடத்த மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகள் சென்னையில் இருக்கின்றன. அந்த வேலையை அவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். நம்முடையது அதற்கு முந்தைய படி.

பரிசு வேண்டாம், மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். "சிறந்த கார்" என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்த நிமிடமே மற்றவர்கள் தங்கள் வண்டியின் குறையை மறைக்கத் தொடங்கிவிடுவார்கள். குறையை வெளிப்படையாகப் பேசத்தான் கூடுகிறோம்.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

சென்னையில் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை அருமையான காலம். ஏப்ரல், மே மாதங்களில் வைத்தால் ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். அக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் வரை மழையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். பழைய டிரம் பிரேக் தண்ணீரில் நனைந்தால் பிடிக்காது என்பதை மறக்கக் கூடாது. தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாக மிதித்துச் சூடேற்றிக் காய வைத்துக்கொள்ள வேண்டும்.

காலை ஆறரைக்குக் கூடி ஒன்பது மணிக்குள் கலைவது நல்லது. காலி ரோட்டில் வரலாம், திரும்பும்போதும் வெயில் ஏறியிருக்காது. பழைய எஞ்சினுக்கு நெரிசலைவிடப் பெரிய எதிரி கிடையாது.

இடத்துக்கு மூன்று தகுதி பாருங்கள். பார்க்கிங் சமதளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பாதி வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான் இருக்கும். மர நிழலோ கட்டட நிழலோ வேண்டும். உள்ளே வரும் வழியில் உயரமான வேகத்தடை இருக்கக் கூடாது. தாழ்வாக இருக்கும் சைலன்சர்களுக்கு அது ஆபத்து. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஜிஎஸ்டி சாலையிலும் பெரிய பார்க்கிங் உள்ள சைவ ஓட்டல்கள் நிறைய. மேலாளரை முன்னதாகவே நேரில் பார்த்து, இத்தனை கார் வரும், இந்த நேரத்துக்குக் கிளம்பிவிடுவோம் என்று சொல்லிவிடுங்கள். அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் காசு. பொதுப்பணம் என்று ஒன்று சேர்ந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் பொருளாளர் வருவார், அப்புறம் தேர்தல் வரும்.

கடற்கரையை ஒட்டி வெகுநேரம் நிறுத்துவதைத் தவிர்ப்பேன். படம் அழகாக வரும் என்பது உண்மைதான், ஆனால் உப்புக் காற்று குரோமையும் கதவின் அடி விளிம்பையும் தின்றுவிடும். அப்படி நிறுத்தினால் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அடிப்பாகம் உட்பட கழுவித் துடைத்துவிட வேண்டும்.

தனியார் இடத்தில் கூடினால் இடத்துக்காரரின் சம்மதம் போதும். பொதுச் சாலையில் வரிசையாக ஊர்வலம் போல் ஓட்டுவதென்றால் காவல்துறையிடம் முன்னனுமதி வாங்காமல் செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: காகிதங்கள்

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் தேதி எப்போது முடிகிறது என்பது பலருக்கு நினைவிருக்காது. பானட் அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று 2021 ஜூலையில் தனி விதிகள் வந்தன. வணிகப் பயன்பாட்டில் இல்லாத, சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். புதிய எண்ணில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு 'வி.ஏ.' என்று வரும். ஏற்கெனவே பதிவாகியிருக்கும் வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ். என்று தொடங்கும் மெட்ராஸ் எண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அப்படிப் பதிவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். வாரம் இரண்டு நாள் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டும் அம்பாசிடருக்கு இந்தப் பதிவு சரிவராது. சாதாரணப் புதுப்பித்தலே போதும்.

நான்காம் படி: வண்டியைத் தயார் செய்வது

மாதக்கணக்கில் நின்ற காரைச் சந்திப்பு நாள் காலையில் ஸ்டார்ட் செய்து நேராகக் கிளம்புவது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஒரு வாரம் முன்பே இறங்கிவிட வேண்டும்.

முதலில் பெட்ரோல். லெட் (ஈயம்) கலந்த பெட்ரோல் இந்தியா முழுக்க 2000 பிப்ரவரியில் நின்றது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் வால்வு வந்து உட்காரும் வளையமான வால்வு சீட், பெட்ரோலில் லெட் இருக்கும் என்று எண்ணிச் செய்தது. அப்படிப்பட்ட எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை எப்போது இறக்கினாலும் கடினமான வால்வு சீட் போட்டு ஏற்றிவிடுங்கள். அதற்காக மட்டும் இறக்க வேண்டியதில்லை. இப்போது பெரிய கவலை பெட்ரோலில் கலந்து வரும் 20 சதவீத எத்தனால். எத்தனால் பழைய ரப்பரை ஊதச் செய்து இளக்கிவிடும். பெட்ரோல் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரின் கேஸ்கெட் மூன்றும் முதலில் போகும். காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும், அந்தத் துரு வந்து கார்பரேட்டரின் நுண்துளையான ஜெட்டை அடைக்கும்.

செய்ய வேண்டியவை இவை. எத்தனால் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றுங்கள். சாதாரண ஹோஸ் விலை குறைவு, ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் கார் எரிந்துபோகும். பம்ப்புக்கு முன்னால் உள்ளே தெரியும்படியான ஃபில்டர் ஒன்று போடுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும், அதனால் பழைய அளவிலேயே விட்டால் கலவை வறண்டு, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாமல், எஞ்சின் சூடாகும். எஸ்யூ கார்பரேட்டரில் கீழே உள்ள நட்டைக் கொஞ்சம் இறக்கினால் சரியாகும், சோலெக்ஸ் கார்பரேட்டர் என்றால் ஒரு அளவு பெரிய ஜெட் தேவைப்படலாம். பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்து முடிவு செய்யுங்கள். வெள்ளையாக இருந்தால் வறட்சி, கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளிர் பழுப்பு சரி.

அடுத்து டயர். தரையைத் தொடும் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஆறேழு ஆண்டு தாண்டியிருந்தால் நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் வண்டியிலேயே வயதான டயராக இருக்கும்.

பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முப்பது வரை எண்ணுங்கள். பெடல் மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரோ வீல் சிலிண்டரோ கசிகிறது, அன்றைக்கு வண்டியை எடுக்க வேண்டாம். அந்தக் கால கார்கள் பலவற்றில் பிரேக்குக்கு ஒரே லைன்தான். ஓரிடத்தில் போனால் நாலு சக்கரத்திலும் போய்விடும்.

ஹெரால்டுகாரர்களுக்கு ஒரு விஷயம், இதை ஒவ்வொரு சந்திப்பிலும் யாராவது ஒருவர் புதிதாகக் கேட்டு அதிர்கிறார். முன்சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டான ட்ரனியனுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 நம்பர் கியர் ஆயில் போட வேண்டும். கிரீஸ் இறுகி மரையை உலர்த்திவிட்டால், உள்ளே துருப்பிடித்து ஒரு நாள் அந்தத் தண்டே முறிந்து சக்கரம் படுத்துவிடும். வழக்கமாகத் திருப்பும்போது, மெதுவான வேகத்தில் நடக்கும். அந்த அளவுக்குத்தான் அதிர்ஷ்டம். சர்வீஸ் நிலையத்தில் விட்டால் பையன் கண்ணில் பட்ட நிப்பிள் எல்லாவற்றிலும் கிரீஸ் அடித்துவிடுவான். பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். அம்பாசிடரில் தலைகீழ். அங்கே முன்பக்க நிப்பிள்களுக்குக் கிரீஸ்தான், அதையும் தவறாமல் அடிக்க வேண்டும்.

பிளக்குக்குப் பொறி கொடுக்க மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டின் இடைவெளி பெரும்பாலான லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் சுமார் 0.4 மில்லிமீட்டர். ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளிப் எல்லாம் கையால் தொட்டுப் பாருங்கள். கடைசியாக, ஒரு கிலோ தீயணைப்பான் ஒன்றை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துங்கள். டிக்கியில் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் எட்டாது.

பாலிஷ் போடுவது கடைசி வேலை. நேரம் இல்லையென்றால் தூசியோடு வாருங்கள், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

ஐந்தாம் படி: வரும் வழி

மூன்று நான்கு காராகச் சேர்ந்து வாருங்கள். வேகம் குறைந்த வண்டி முன்னால் போகட்டும். மெக்கானிக் அல்லது கைவேலை தெரிந்தவர் கடைசி வண்டியில் வர வேண்டும். பழைய கார்களுக்கு இடையே புதிய கார்கள் நுழைந்து சட்டென்று பிரேக் போடும், அதனால் இடைவெளி தாராளமாக விடுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கிளம்பும் முன் ஒருவருக்கொருவர் பார்த்துச் சொல்லுங்கள்.

குழுவுக்குப் பொதுவாக ஒரு பெட்டி வேண்டும். பாயிண்ட் செட், கண்டென்சர், காயில், ஃபேன் பெல்ட் இரண்டு மூன்று அளவில், பிளக், ஃபியூஸ், ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸ், கிளிப், கம்பி, டேப், ஐந்து லிட்டர் தண்ணீர், ஜம்ப் கேபிள். கண்டென்சரும் காயிலும் சூட்டில்தான் காலை வாரும். எஞ்சின் குளிர்ந்ததும் நன்றாக ஓடும், அரை மணியில் மறுபடி நிற்கும். அப்படி இருந்தால் கார்பரேட்டரைப் பிரிக்காமல் முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள்.

வெயிலில் நெரிசலில் மாட்டி நின்றுபோனால் பெட்ரோல் பம்ப்பிலேயே ஆவியாகியிருக்கலாம். பானட்டைத் திறந்து, பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். நம் மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்வது இதுதான், இன்றும் பலிக்கிறது.

ஜம்ப் கேபிள் போடும் முன் அந்த வண்டியில் எது எர்த், அதாவது பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று கேளுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். இன்னும் பழையவற்றில் பேட்டரியே 6 வோல்ட். கேட்காமல் கொடுத்தால் இரண்டு வண்டிக்கும் சேதம். ஹேண்டில் போட்டுச் சுற்றுவதாக இருந்தால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் முறியாமல் தப்பும். இளைஞர்கள் ஆசையாகச் சுற்ற வருவார்கள், இதைச் சொல்லிக்கொடுத்த பிறகே ஹேண்டிலைக் கொடுங்கள்.

ஆறாம் படி: பானட்டைத் திறந்து வைப்பது

வண்டிகளை முகம் வெளியே பார்க்க நிறுத்துங்கள். நடுவில் ஒரு வழி காலியாக இருக்கட்டும். சக்கரத்துக்கு ஒரு கல், எஞ்சின் அடியில் ஒரு அட்டை. எண்ணெய் சிந்திய தரையை ஓட்டல்காரர் மறக்க மாட்டார், அடுத்த மாதம் இடம் கிடைக்காது.

வந்து சேர்ந்து எஞ்சின் கொஞ்சம் ஆறியதும் எல்லாரும் பானட்டைத் திறந்துவிட வேண்டும். இந்த ஒரு வழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். மூடிய பானட்டின் முன் நின்று "வண்டி சூப்பரா இருக்கு சார்" என்பதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. திறந்த பானட்டின் முன்னால் நாலு தலை குனிந்தபடி அரை மணி நேரம் பேச்சு ஓடும். ஹெரால்டில் பானட் முழுவதும் மட்கார்டோடு முன்பக்கம் கவிழும். டயரிலேயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். அந்த வண்டியைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம் அதிகம்.

பார்க்க வருபவர்களுக்கு: தொடும் முன் கேளுங்கள். சாயாதீர்கள், பெல்ட் பக்கிள் பெயிண்டைக் கீறிவிடும். கதவைத் திறந்து உள்ளே உட்காருவது உரிமையாளர் சொன்ன பிறகு. "இது எவ்வளவுக்குப் போகும்?" என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். அப்பா வாங்கிய கார், தாத்தா ஓட்டிய கார் என்று வைத்திருப்பவரை அந்தக் கேள்வி புண்படுத்தும். "எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்கு ஜோடித்த நாள், பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போன இரவு, திருப்பதி மலையில் ரேடியேட்டர் கொதித்தது என்று ஒரு குடும்பத்தின் கதையே வெளியே வரும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு: புதிதாக வந்தவரின் வண்டியில் "இது ஒரிஜினல் இல்லையே" என்று தொடங்காதீர்கள். ஃபியட்டில் வேறு வண்டியின் காற்றாடி மோட்டாரோ, அம்பாசிடரில் ஜப்பான் எஞ்சினோ இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே பெரிது. அவர் கேட்டால் ஒரிஜினல் எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள்.

மெக்கானிக் வந்திருந்தால் அவருக்கு முதல் நாற்காலி. பாயிண்ட் வைக்கவும், காது வைத்தே டைமிங் பிடிக்கவும் தெரிந்தவர்கள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு வயது அறுபதுக்கு மேல், மகன்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அவர் செய்வதை அனுமதி கேட்டு வீடியோ எடுத்துவையுங்கள். இலவச வேலை வாங்காதீர்கள். "அண்ணே, ஒரு நிமிஷம் இதைப் பாருங்க" என்று பத்துப் பேர் கூப்பிட்டால் அவருடைய காலைப்பொழுது போய்விடும். பார்த்துக் கொடுத்தால் காசு கொடுங்கள், வேலை பெரிது என்றால் அவருடைய ஷெட்டுக்குக் கொண்டுபோக நாள் குறியுங்கள். சாப்பாடு நம் பொறுப்பு.

குழந்தைகளைக் கூட்டி வாருங்கள். ஃபியட்டில் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும் கியர் கம்பியைத் தொட்டுப் பார்க்கவும், சோக்கை இழுத்துப் பார்க்கவும் விடுங்கள். பதினைந்து வயதில் ஒரு எஞ்சின் சத்தத்துக்கு மனம் கொடுத்தவர்தான் முப்பது வயதில் ஷெட்டில் கிடக்கும் காரை மீட்பார்.

ஏழாம் படி: உதிரிபாக விரிப்பு

தரையில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, அவரவர் வீட்டில் உபரியாகக் கிடப்பதைக் கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள். வீல் கப், டெயில் லாம்ப் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, பழைய ஸ்பீடோமீட்டர், பீடிங் துண்டு, கார்பரேட்டர் பாடி. ஒவ்வொன்றிலும் எந்த வண்டி, எந்த மாடல், விலையா மாற்றா இரவலா என்று ஒரு சீட்டு.

மாற்றுக்கு மாற்று என்பதுதான் இதில் சிறந்த முறை. விலைக்கு விற்பது தவறில்லை. ஆனால் குழுவிலேயே ஒருவர் மலிவாக வாங்கி வெளியே மூன்று மடங்குக்கு விற்கத் தொடங்கினால் அடுத்த மாதமே எல்லாரும் பரணைப் பூட்டிவிடுவார்கள். அப்படி நடந்தால் அவரிடம் நேராகப் பேசுங்கள், விட்டுவிடாதீர்கள்.

தேடுவோர் பட்டியல் ஒன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். யாருக்கு எது வேண்டும் என்று ஒரே இடத்தில் இருந்தால், புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ போகிறவர் மற்றவர்களுக்கும் சேர்த்துத் தேடலாம். ஒரே பொருள் நாலைந்து பேருக்கு வேண்டும் என்று தெரிந்தால், ரப்பர் பீடிங், புஷ் போன்றவற்றை மாதிரி கொடுத்துச் செய்து வாங்கவும் முடியும். ஒன்று மட்டும் கேட்டால் எந்தப் பட்டறையும் அச்சு போடாது. பத்து கேட்டால் பேசுவார்கள். வாட்ஸ்அப் குழுவை இந்தப் பட்டியலுக்கும் அடுத்த தேதிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: கிளம்பும்போது

உலகெங்கும் இத்தகைய சந்திப்புகளுக்குக் கெட்ட பெயர் வந்தது கலையும் நேரத்தில்தான். கேமரா பிடித்திருப்பவர்களைப் பார்த்து ஆக்ஸிலேட்டரை மிதித்து, வண்டி பிடி தப்பிக் கூட்டத்துக்குள் பாய்ந்த விபத்துகள் அமெரிக்காவில் பல நடந்திருக்கின்றன. வாசலில் ஒருவர் நின்று ஒவ்வொரு காராக மெதுவாக அனுப்பட்டும். ஒரு தடவை சீறிப் போனவரிடம் சொல்லுங்கள், மறு தடவை கூப்பிடாதீர்கள்.

குப்பையை எடுத்துவிட்டு, மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வீடு சேர்ந்தவர்கள் ஒரு வரி தகவல் போட வேண்டும். யாராவது போடவில்லை என்றால் கடைசி வண்டிக்காரர் போன் செய்ய வேண்டும்.

ஒன்பதாம் படி: ஷெட்டில் நிற்கும் கார்கள்

சந்திப்பு நாலைந்து மாதம் தொடர்ந்து நடந்தால், கார் ஓட்டாதவர்களும் வந்து பேசுவார்கள். "எங்க வீட்டுக்காரர் வெச்சிருந்த ஃபியட் ஒண்ணு நிக்குது, என்ன செய்யறதுன்னு தெரியலை" என்று ஓர் அம்மா கேட்பார். இந்தச் சந்திப்புகளின் மிக மதிப்பான நேரம் அதுதான், அதைக் கவனமாகக் கையாள வேண்டும்.

முதல் முறை போகும்போது வாங்கும் பேச்சை எடுக்காதீர்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் மெக்கானிக்காக இருந்தால் நல்லது. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, வாரிசுப் பெயர் மாற்றம் நடந்ததா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் அந்த வேலைக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உதவி செய்வதே முதல் பணி, ஏனென்றால் காகிதம் இல்லாத காரை அவர்கள் வைத்துக்கொண்டாலும் கஷ்டம், விற்றாலும் நல்ல விலை வராது. சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னாலும் அன்றைக்கு வேண்டாம். வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊற வைத்து, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால், பழைய பெட்ரோலை முழுக்க வடித்து, தனியாக ஒரு சின்ன கேனிலிருந்து கார்பரேட்டருக்குப் பெட்ரோல் கொடுத்து ஓடவிடலாம். டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் அதன் பெட்ரோலை இழுத்தால் துரு முழுக்க உள்ளே வரும். பிரேக் வேலை முடியும் வரை வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

அந்தக் குடும்பம் காரை வைத்துக்கொள்ள விரும்பினால் மாதம் ஒரு முறை யார் வந்து ஓட்டிப் பார்ப்பது என்று குழுவில் முறை வையுங்கள். விற்க விரும்பினால், குழுவில் யாரும் விலை சொல்லும் முன் வெளியே இரண்டு பேரிடம் மதிப்புக் கேட்டு அந்த அம்மாவிடம் எழுதிக் கொடுங்கள். அதன் பிறகு குழுவில் விருப்பமுள்ளவர் போய்ப் பேசட்டும். எது நடந்தாலும், அடுத்த சந்திப்புக்கு அவரையும் பிள்ளைகளையும் அழைத்து வர ஒரு காரை அனுப்பிவிடுங்கள்.